கயிற்றின் மறுமுனை

வள்ளூரில் பிறந்து வளர்ந்த நமக்கு மலை என்பது பாடப்புத்தகத்தில் கண்ட படமே. கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தை நாடிச் செல்லும் தாழ்நிலம் நம் ஊர். சிறுவயதில் வள்ளூர் அணைக்கட்டின் மேல் ஏறி நின்றால் அதுவே நமக்குச் சிகரம். பின்னாளில் எழுந்த உயரங்கள் யாவும் மனிதர் எழுப்பியவை: அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், காமராசர் துறைமுகத்தின் கிரேன்கள், சாம்பல் குளங்களின் கரைகள். மண்ணைத் தோண்டினால் மணலும் களிமண்ணும் உப்புநீரும் கிடைக்குமேயன்றிக் கல் கிடைப்பதில்லை.

ஆயினும் இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரச் சாலையில் சென்றவர்கள் கற்களைக் கண்டிருப்பர். கரை நெடுகிலும் ஆளுயரப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. நம் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும் இயல்புடையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தெருக்களைக் காக்க உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கியவையே இக்கற்கள்.

ஒரு மாலை நண்பரும் நாமும் எர்ணாவூருக்கு அருகில் அக்கற்களின்மேல் அமர்ந்திருந்தோம். நண்பர் நம்மைவிட எட்டு வயது இளையவர்; கிரேன்களுக்குச் சங்கிலியும் கம்பிவடமும் பூட்டும் ரிக்கர் பணியில் இருபது ஆண்டு கழித்தவர். வேலை நிமித்தம் பெங்களூரில் இருந்தபோது பாறையேறும் கலையைக் கற்று, விடுமுறைதோறும் அதிலேயே ஈடுபடுபவர்.

“மலை நம்மைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது அண்ணே. ஒரு முறையாவது நாம் அதைத் தேடிப் போக வேண்டாமா?” என்றார்.

அந்நாட்களில் நம் மனம் அமைதியற்றிருந்தது. மூத்த மகன் கப்பல் பணிப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, பெற்றோர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டு, மேசைமேல் வைத்திருந்தான். மூன்று வாரங்களாக அது அங்கேயே கிடந்தது. காசிமேட்டிலிருந்து கடலுக்குச் சென்ற நம் தாய்மாமன் ஒருவர் கரை திரும்பவில்லை. அந்த வீட்டின் அழுகையைப் பத்து வயதில் கேட்ட செவிகள் இவை. மகனிடம் ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை. ‘சரி’ என்றும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. ஆகவே, பதினொரு நாள் வெளியூர்ப் பயணம் என்றதும், மெய்யாகச் சொன்னால், தப்பித்தோம் என்றே புறப்பட்டோம்.

பரங்கிமலையிலிருந்து செஞ்சிக்கு

பொங்கல் கழிந்த வாரத்தில் நண்பரின் பழைய மாருதி வேன், கயிறுகளையும் இரண்டு பாய்களையும் ஒரு ஸ்டவ்வையும் சுமந்துகொண்டு கிளம்பிற்று. முதலில் நின்ற இடம் பரங்கிமலை. புனித தோமையாரின் நினைவு தாங்கும் அம்மலைக்கு வாசகர்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். உச்சியிலுள்ள ஆலயம் 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. ஏறிச் செல்லும் படிகள் 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் அமைத்துக் கொடுத்தவை. அன்றுவரை நாம் அறியாதிருந்தது, காலடியிலிருந்த கல்லின் கதையே.

கருநீலச் சாயலுள்ள அந்தக் கல்லுக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஆங்கிலேயர் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அக்கல்லறைக் கல்லையும் நம் பக்கத்துப் பாறையையும் ஒரே இனமென்று கண்டு, 1893இல் சார்னக்கின் பெயரையே அதற்கு இட்டார். இன்று உலகெங்கும் அவ்வினப் பாறையை அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஊரார் அன்றாடம் மிதித்து ஏறும் கல் உலகப் புகழ் பெற்றது என்பதை அறிய நமக்கு இத்தனை வயது தேவைப்பட்டது!

திண்டிவனம் கடந்து செஞ்சியை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்த கோட்டை அது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். பின்னர் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டே இதனைப் பெற முடிந்தது. 2025இல் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் உருண்டைப் பாறைகளைக் காட்டி, “இவற்றை எந்த அரக்கன் உருட்டி வந்தான்?” என்று வேடிக்கையாகக் கேட்டோம். எவரும் உருட்டவில்லை என்று நண்பர் விளக்கினார். மண்ணுக்கடியில் ஒரே பாளமாக இருந்த பாறையில் வெடிப்புகள் தோன்ற, அவற்றின் வழியே நீர் இறங்கி, முனைகளையும் விளிம்புகளையும் முதலில் சிதைத்தது. சதுரக் கட்டிகள் உருண்டைகளாயின. காலப்போக்கில் மேல்மண்ணை மழை அடித்துச் செல்ல, உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளிப்பட்டன. செஞ்சி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, பாறைகளில் ஏறலாகாது. ஆதலால் மறுநாட்காலை படிவழியே இராஜகிரி உச்சிக்குச் சென்று திரும்பினோம். முழங்கால் நடுங்கியதை நண்பர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சாவன்துர்காவில் முதற்பாடம்

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் எனச் சாலை மேலேறிக்கொண்டே சென்றது. பெங்களூருக்குத் தென்மேற்கே உள்ள இராமநகரம் பலருக்கும் ‘ஷோலே’ என்னும் இந்திப் படத்தின் வழியே அறிமுகமானது. 1975இல் வெளிவந்த அப்படத்தின் கொள்ளையர் கூடாரம் இக்குன்றுகளே. இவ்வூரின் பழைய ஆங்கிலப் பெயர் ‘குளோஸ்பேட்டை’. அப்பெயராலேயே வழங்கும் கிரானைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது. தெற்கு வடக்காக நானூறு கிலோமீட்டர் அளவிற்கு நீண்டு கிடப்பது. இராமதேவர் பெட்டாவில் பாறைமுகடுகளில் கூடுகட்டும் கழுகினத்தைக் காக்க 2012இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கே பாறையேற்றத்துக்கு இடமில்லை. பிணந்தின்னிக் கழுகு ஒன்று இறக்கை அசையாமல் வட்டமிடுவதைக் கீழிருந்தே கண்டு மகிழ்ந்தோம்.

அடுத்தது சாவன்துர்கா. கடல்மட்டத்துக்கு மேல் 1,226 மீட்டர் உயரமுள்ள அம்மலை ஒரே கல்லால் ஆனது. கரிகுட்டா, பிளிகுட்டா, அதாவது கருங்குன்று, வெண்குன்று என இரு முகடுகள். ஆசியாவின் மிகப்பெரிய ஒற்றைக்கல் மலைகளில் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவர். தொலைவிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையின் முதுகு. அருகில் சென்றாலோ பிடிக்க ஒரு விளிம்பு இல்லை, கால் வைக்க ஒரு குழி இல்லை. இதில் எவ்வாறு ஏறுவது?

“கையை நம்பாதீர்கள் அண்ணே, காலை நம்புங்கள்” என்றார் நண்பர். பாறையேறும் காலணியின் அடிப்பாகம் மிருதுவான ரப்பரால் ஆனது. குதிகாலைத் தாழ்த்தி, உடலைப் பாறையிலிருந்து விலக்கி நிமிர்ந்து நின்றால், நம் எடையே ரப்பரைக் கல்லோடு அழுத்தி உராய்வை உண்டாக்குகிறது. அச்சத்தால் பாறையைத் தழுவிக்கொண்டால் எடை காலிலிருந்து விலகி, கால் வழுக்குகிறது. அடிவாரச் சரிவில், விழுந்தாலும் சிராய்ப்போடு முடியும் உயரத்தில், அரைநாள் இதனைப் பழகினோம். அஞ்சி ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு முறையும் வழுக்கினோம்.

கயிற்றைக் கட்டும் முறையையும் அன்று கற்றோம். ஏறுபவர் இடுப்பில் ‘ஹார்னஸ்’ என்னும் வார்ப்பட்டை. அதில் எட்டு வடிவ முடிச்சு. கயிறு மேலே பாறையில் பதித்த வளையத்தின் வழியே சென்று, கீழே நிற்பவரின் இடுப்பிலுள்ள சிறு உலோகக் கருவிக்குள் வளைந்து வருகிறது. ஏறுபவர் விழுந்தால், கீழே இருப்பவர் தம் கைப்பிடியை விடாமல் கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தாலே போதும். உராய்வு முழு எடையையும் நிறுத்திவிடும். இக்கயிறு நைலானால் ஆனது. சற்றே நீண்டு கொடுக்கும் தன்மையது. நீளாத கயிறானால், விழும் உடலின் வேகம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் நம் மீனவர் வலைகளுக்கு வந்த அதே நைலான்தான், மலையேறுபவரின் சணல் கயிற்றையும் ஓய்வுபெறச் செய்தது.

புறப்படுமுன் ஏறுபவர் முடிச்சைக் காப்பவரும், காப்பவர் கருவியை ஏறுபவரும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். நூறாவது முறையானாலும் இதனை விடலாகாது. நண்பர் இதில் காட்டிய கண்டிப்பு சற்று மிகையாகவே நமக்குத் தோன்றியது. இரவு ஸ்டவ்வில் கஞ்சி கொதிக்கையில் காரணத்தைச் சொன்னார். பல ஆண்டுகளுக்குமுன் ஒரு கட்டுமான இடத்தில், அவருடன் பணிசெய்த இளைஞன் உயரத்திலிருந்து விழுந்து இறந்தான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இருந்தது. அதன் கொக்கியைக் கம்பியில் மாட்டவில்லை. “மாட்டினாயா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணே” என்றார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

சித்ரதுர்காவின் மனிதர்

மாகடி, தும்கூர் வழியே சித்ரதுர்கா சென்றோம். ஏழு சுற்று மதில்கள் கொண்ட இக்கோட்டை, 1779இல் ஹைதர் அலியின் கைக்குப் போயிற்று. பாறையிடுக்கு வழியே ஒவ்வொருவராக நுழைந்த பகைவரை உலக்கையால் அடித்து வீழ்த்தியதாக ஓபவ்வா என்னும் காவலாளின் மனைவியைக் கன்னட மக்கள் இன்றும் போற்றுகின்றனர். தண்ணீர் எடுக்க வந்த ஒரு குடும்பப் பெண்ணின் கையில் அகப்பட்டது உலக்கை. அதுவே கோட்டையின் ஆயுதமாயிற்று.

இக்கோட்டையில் இன்று பேர்பெற்றவர் ஜோதிராஜ். ‘கோத்தி ராஜ்’ அதாவது ‘குரங்கு ராஜ்’ என்று கன்னட மக்கள் அன்போடு அழைக்கும் இவர் நம் தேனி மாவட்டத்தில் பிறந்தவர். கர்நாடகத்தில் கட்டடக் கூலியாக உழைத்து, மனம் உடைந்து, வாழ்வை வெறுத்து ஏறிய பாறையில் குரங்குகள் தாவுவதைக் கண்டு, அவற்றைப் பார்த்துப் பார்த்தே ஏறக் கற்றதாக அவரே கூறியிருக்கிறார். கயிறில்லாமல் கோட்டைச் சுவரில் அவர் ஏறுவதைக் காணவே மக்கள் கூடுவதுண்டு. வாழ்வை முடிக்கச் சென்ற இடத்தில் வாழ்வைப் பெற்ற அம்மனிதரை நினைந்து நெகிழ்ந்தோம். “அவருக்கு அது கொடை. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கயிறு வேண்டும்” என்றார் நண்பர்.

ஹம்பியைக் கடந்து

துங்கபத்திரைக் கரையில் ஹம்பி. 1336இல் எழுந்து, 1565 தலைக்கோட்டைப் போருக்குப்பின் பாழான விஜயநகரத்தின் இடிபாடுகள், 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அரண்மனைகள் அழிந்தன, அவற்றைச் சூழ்ந்த பாறைகள் அன்றிருந்தவாறே கிடக்கின்றன. வீடளவு உருண்டைகள், மாட்டுவண்டியளவு உருண்டைகள், அடிவானம் வரை! அமெரிக்கப் பாறையேற்ற வீரர் கிறிஸ் சர்மா இங்கு வந்து ஏறியதைக் காட்டும் திரைப்படம் 2003இல் வெளியானது. அதன் பெயர் ‘பில்கிரிமேஜ்’, அதாவது திருப்பயணம். அதன்பின் பல நாட்டு இளைஞர்கள் முதுகில் மெத்தையைச் சுமந்து இவ்வூர் தேடி வரலாயினர். சிறு பாறைகளில் கயிறின்றி ஏறி, விழுந்தால் மெத்தையில் விழுவது இங்குள்ள முறை. நினைவுச் சின்னங்களை விட்டு விலகி, ஆற்றின் அக்கரையில் ஏறுகின்றனர். ஹம்பிக் கல்லின் பளிங்கு மணிகள் உப்புத்தாள் போல் விரலைத் தேய்க்கும். இரண்டாம் நாளே நம் பத்து விரல்நுனிகளும் சிவந்துவிட்டன.

அங்கிருந்து வடக்கே கரிசல் நிலம். சூரியகாந்தியும் சோளமும் மாறி மாறி வர, வழியோர வீடொன்றில் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் உண்டோம். விலை கேட்டதற்கு அவ்வீட்டுத் தாய், “மறுபடி வாருங்கள்” என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பாதாமியில் நாற்பது அடி உயரத்தில்

பாதாமியே நம் பயணத்தின் எல்லை. தமிழர் இதனை வாதாபி என்று அறிவர். சாளுக்கியரின் இத்தலைநகரை 642ஆம் ஆண்டளவில் வென்ற பல்லவன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இங்குள்ள பாறையில் உள்ளது. காஞ்சியிலிருந்து படையினர் நடந்து வந்த தொலைவை நாம் வேனில் வந்திருந்தோம். குடைவரைக் கோயில்கள் உள்ள குன்று பாதுகாக்கப்பட்டது. பாறையேறுவோருக்கு ஊர்ப்புறத்தே வேறு சுவர்கள் இருக்கின்றன. இங்குள்ள பாறை கிரானைட் அன்று. மணல் படிந்து இறுகிய செம்மணற்கல். அடுக்கடுக்காகக் கிடைமட்ட வரிகள். ஏணிப்படிபோல் விரலுக்கு விளிம்பு கிடைக்கும். ஆனால் சுவரோ செங்குத்து. மழையில் நனைந்தால் இக்கல் வலுவிழக்கும், காயும்வரை ஏறலாகாது.

உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் துணையோடு, எளிய சுவரொன்றில் மேலிருந்து கயிறு இறக்கினர். முடிச்சை நண்பர் பார்த்தார். அவர் கருவியை நாம் பார்த்தோம். ஏறினோம்.

இருபது அடிவரை அச்சம் தெரியவில்லை. நாற்பது அடியில் கீழே பார்த்தோம். “தம்பி, கயிற்றை இறுக்கு!” என்று கத்தினோம். இறுக்கினார். “இன்னும் இறுக்கு!” இன்னும் இறுக்கினார். இப்போது அடுத்த விளிம்பு வலப்பக்கம் மூன்றடி தள்ளி இருந்தது. நகர முயன்றோம், முடியவில்லை. எதற்காகக் கெஞ்சினோமோ அதே கயிறு இடுப்பைப் பிடித்து மேலும் இடமுமாக இழுத்தது. கைகள் மரத்தன. கால் தையல் இயந்திரத்து ஊசிபோல் துடிக்கலாயிற்று.

கீழிருந்து குரல் வந்தது: “அண்ணே, தளர்த்தினால்தான் நகர முடியும். தளர்த்துகிறேன். ஆனால் பிடித்திருக்கிறேன்.”

கயிறு ஓரடி தளர்ந்தது. அந்த ஒரு கணம்போல் தனிமையை நாம் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. வலக்கையை நீட்டினோம். விளிம்பைத் தொட்டோம். கால் வழுக்கிற்று.

விழுந்தது நான்கடிகூட இராது. கயிறு நீண்டு, தாங்கி, மெல்ல நிறுத்திற்று. கீழே நண்பர் கையை விடாமல் அண்ணாந்து நின்றார். முகத்தில் பதற்றமில்லை. “கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்பு இருக்கும் இடம் இப்போது தெரிந்துவிட்டதல்லவா?” என்றார். மறுமுறை ஏறி, அவ்விளிம்பைக் கடந்து, வளையத்தைத் தொட்டு இறங்கினோம். கீழே வந்து அமர்ந்தபின் நம் நினைவில் நின்றது வாதாபியும் அன்று, வெற்றியும் அன்று. மேசைமேல் கிடந்த அந்த விண்ணப்பமே.

வீடு

பெல்லாரி, அனந்தப்பூர், சித்தூர் வழியே திரும்பி வந்தோம். மகனை அழைத்து அருகில் அமர்த்தி, தாய்மாமன் கதையை முதன்முறையாக முழுவதும் சொன்னோம். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு இருவருமாக விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தோம். கப்பல் பணியின் பெயரால் பணம் பறிக்கும் தரகர்கள் நம் பகுதியில் உண்டு. ஆதலின் அப்பயிற்சி நிலையம் மத்திய அரசின் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தோம். பயிற்சிக்குப்பின் வேலைக்கு அனுப்புவோர் அதே இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டறிந்தோம். எல்லாம் சரியென்று கண்டபின்னரே, பென்சில் குறியிட்ட இடத்தில் ஒப்பமிட்டோம். கை சற்று நடுங்கியதை மறைப்பானேன்? மகன் அதனைப் பார்த்தான். தன் தாயைக் கூப்பிட்டான்.

பாறையேறுதல் பயிற்சியும் துணையும் இன்றி முயலத்தக்கதன்று என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். பெற்றோர்களுக்கு நாம் சொல்வது வேறு. முடிச்சை இருமுறை பாருங்கள். பார்த்தபின், பிள்ளைகள் கை நீட்டும் அளவுக்குக் கயிற்றைத் தளர்த்துங்கள். மறுமுனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சென்ற ஞாயிறு மாலை எர்ணாவூர்க் கரைக்குப் போயிருந்தோம். அலை அடித்துக்கொண்டேயிருக்க, கற்கள் நனைந்து கருநீலமாய் மின்னின. மகனும் உடன் வந்திருந்தான். ஒரு கல்லின்மேல் தாவி ஏறி நின்று தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலை எண்ணிக்கொண்டிருந்தான். “பார்த்து, வழுக்கும்” என்றோம். இறங்கச் சொல்லவில்லை.